சஷ்டியில் குழைத்த மண்

ஏழு தசம் ஆறு. சபாநடேசன் புளிப்பு அளக்கிற மீற்றரை வாளித் தண்ணீரிலிருந்து எடுத்து, சாரத்தின் நுனியில் துடைத்து, மறுபடியும் விட்டுப் பார்த்தார். ஏழு தசம் ஆறு. அசைய மாட்டேன் என்று நிற்கிறது சனியன். ஆறரைக்கு இறங்க வேண்டும், ஆறரையில் இருந்தால்தான் வேர் சாப்பாட்டை எடுக்கும் என்று துவாரகா ஒட்டாவாவிலிருந்து போனில் சொல்லியிருந்தாள். மகள் நேர்ஸ். அவளுக்கு உலகத்தில் எல்லாமே ஓர் இலக்கத்துக்கு இறங்கியாக வேண்டும், அப்பாவின் பிரஷர், அப்பாவின் சீனி, இப்போது ஸ்காபரோ வீட்டு பேஸ்மன்டில் அப்பா பிடித்து வைத்திருக்கிற தண்ணீர். தண்ணீருக்குப் புளிப்பேற்ற ஒரு தேசிக்காய் முழுதாகப் பிழிந்தாயிற்று. இரண்டாவதைப் பிழிந்தபோது மனம் கொஞ்சம் இடறியது, ஏனென்றால் தேசிக்காய்கள் மேலே சாமியறைத் தட்டத்தில் இருந்தவை, கந்தசஷ்டி ஆறாம் நாள், சூரன்போர், பின்னேரம் கோயிலுக்குக் கொண்டுபோகவென்று மனைவி பத்மலோஜினி கழுவித் துடைத்து வைத்தவை. ஐந்து இருந்தது, மூன்றுதானே எடுத்தேன், இரண்டை விட்டுத்தானே வந்திருக்கிறேன், முருகன் என்ன எண்ணியா பார்க்கப் போகிறார்? முருகன் பார்க்க மாட்டார், லோஜி பார்ப்பாள். ஏழு தசம் ஒன்று. ஆ, இறங்குகிறது. ஒரு முழு நாள் வாளியைத் திறந்து வைத்து, மீன்தொட்டிக்குக் காற்று விடுகிற குழாயை உள்ளே கொப்பளிக்க விட்டு, குளோரின் மணம் போன பிறகுதான் தேசிக்காய் என்று ஒழுங்கு. நாலு வாளி. நேற்று லோஜி படியிலிருந்து எட்டிப் பார்த்து இதென்ன தண்ணீர் என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னார், தெருவில் குழாய் திருத்துகிறார்களாம், இரண்டு நாள் தண்ணீர் வராதாம். அந்தரத்துக்குச் சொன்ன பொய் சொன்ன இடத்திலேயே கிடக்கும் என்று நம்பியது அவருடைய பிழை. லோஜி உடனே குசினியில் இருந்த சட்டி, பானை, கேத்தல் எல்லாவற்றையும் நிரப்பினாள், பிறகு போனை எடுத்து ஆறு வீட்டுக்குச் சொன்னாள். அதில் ஒரு வீட்டில் குளியல்தொட்டி நிறையப் பிடித்து வைத்து, விரதகாரர் எல்லாரும் செம்பால் அள்ளி முழுகினார்களாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதை யாராவது ஒருவர் திறந்து பார்த்துவிட்டால் போயிற்று. நல்ல காலம், நம்முடைய சனங்கள் தண்ணீர் நிற்கும் என்றால் நம்பும், நிற்காது என்றால்தான் நம்பாது. ஆறு தசம் எட்டு.

மேலே பெண்களின் சிரிப்புக் கேட்டது. மாலை கட்டுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் சூரன்போருக்கு முருகனுக்குப் போகிற பெரிய மாலை லோஜியின் கையால் கட்டியதாகத்தான் இருக்கும், பதினெட்டு வருடமாக அப்படித்தான், விடிய எழும்பி முழுகி, தனியாக இருந்து, ஒரு பூக்கூட நசுங்காமல், நூல் தெரியாமல் கட்டுவாள். இந்த வருடம் கட்டவில்லை. விரல்கள் மடங்குவதில்லை. மூட்டு ஒவ்வொன்றும் வீங்கி, காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் நெருக்கிப் பிடித்துக் குடிக்கிறாள், அவர் பார்த்தால் கோப்பையைக் கீழே வைத்துவிடுவாள். இன்று நாலு பெண்களைக் கூப்பிட்டு நடுவில் கதிரையில் இருந்து, அதை இறுக்கு, இதை விடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், கைகளைச் சேலைத்தலைப்புக்குள் வைத்துக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கீழே வந்தார். அதைப் பார்த்துக்கொண்டு மேலே இருக்க அவரால் முடியவில்லை. டொக்டர் தருகிற குளிசை வயிற்றைப் பிடிக்கிறது, சிலருக்கு அந்தச் செடியின் எண்ணெய் பூசினால் கொஞ்சம் சுகமாம், எல்லாருக்கும் இல்லை, பார்க்கலாம் என்றாள் துவாரகா. அந்தச் செடி. கஞ்சா என்ற சொல்லை மனதுக்குள்ளேகூட அவர் முழுதாகச் சொல்வதில்லை, 'க' வரை போய்த் திரும்பிவிடுவார். இந்த நாட்டில் சட்டப்படி ஒரு வீட்டுக்கு நாலு கன்று வைக்கலாம் என்று அவருக்குத் தெரியும், அவரைவிட யாருக்குத் தெரியும், அந்தச் சட்டம் வந்த வருடம் முதியோர் சங்கத்தில் அதற்கு எதிராக இருபத்தைந்து நிமிடம் பேசியவரே அவர்தான். எங்கள் பிள்ளைகளின் கையில் நஞ்சா என்று கேட்டுக் கை தட்டல் வாங்கினார். எதிர்ப்புக் கடிதத்துக்கு முந்நூறு கையெழுத்து. முதல் கையெழுத்து லோஜி. இரண்டாவது கோயில் தலைவர் குலவீரசிங்கம். அந்தக் குலவீரசிங்கம்தான் இப்போது மேலே சோபாவில் இருந்து சூரன் வாகனத்துக்குச் சில்லுப் பூட்டுவதைப் பற்றிச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார், முழங்கால் நோவுக்கு ஒரு குஷன் வைத்துக்கொண்டு. எண்ணெயைக் கடையில் வாங்கலாமே என்று துவாரகா கேட்டாள். வாங்கப் போனார். கடை, சேலைக் கடைக்கும் தமிழ்ப் பலசரக்குக் கடைக்கும் நடுவில் இருந்தது. வாசலில் இருபது நிமிடம் நின்றார், அதற்குள் மூன்று பேர் வந்து சுகம் கேட்டார்கள். கடைசியில் சேலைக் கடைக்குள் போய் ஒரு பிளவுஸ் துணி வாங்கிக்கொண்டு வந்தார். பச்சை நிறம். லோஜிக்கு அந்தப் பச்சையில் ஒரு சேலையும் இல்லை. அதற்குப் பிறகுதான் துவாரகா ஒரு கறுப்புக் கூடாரமும், ஒரு விளக்கும், ஒரு சின்னப் போத்தலில் நாலு விதையும் கொண்டுவந்து பேஸ்மன்டில் இறக்கினாள். கறிவேப்பிலைக் கன்றுக்குக் குளிர்கால வீடு என்று அம்மாவுக்குச் சொல்லியாயிற்று.

தண்ணீர் கிடக்கட்டும், மண்ணைப் பார்ப்போம் என்று அவர் நீலத் தொட்டிக்கு முன்னால் குந்தினார். மண்ணென்றால் அவருக்குப் பயமில்லை. இருபத்திரண்டு வருடம் பேக்கரியில் மா குழைத்தவர், ஒரு தடவைக்கு இருநூறு கிலோ மா, மெஷினுக்குள் கையை விட்டு ஒரு கிள்ளுக் கிள்ளிப் பார்த்துத் தண்ணீர் காணும், இல்லை காணாது, இன்னும் விடு என்று சொல்லுவார், சூப்பர்வைசர் இத்தாலிக்காரன் அளவுக் கடுதாசியை மடித்து வைத்துவிட்டு இவருடைய முகத்தைத்தான் பார்ப்பான். பை மண் கொட்டினார், ஊறவைத்த தேங்காய்த் தும்புச்சோறு போட்டார், மண்புழு உரம், பொரி மாதிரி வெள்ளையாக இருக்கிற பேர்லைட், இடித்த முட்டைக்கோது, வேப்பம் பிண்ணாக்கு. கீழிருந்து மேலே, ஓரத்திலிருந்து நடுவுக்கு, மாவுக்குப் போகிற அதே கைதான். தண்ணீர் தெளித்தார். ஒரு பிடி எடுத்து இறுக்கு, பிடித்த பிடியாக நிற்க வேண்டும், இரண்டு சொட்டுத் தண்ணீர் மட்டும் விரலிடுக்கால் வர வேண்டும், அதுதான் பதம் என்பது மகளின் கட்டளை. இறுக்கினார். தண்ணீர் மணிக்கட்டால் ஓடி முழங்கைக்குப் போயிற்று. தும்புச்சோறு போட்டார். இறுக்கினார். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. தண்ணீர் விட்டார், கூடிவிட்டது. தும்புச்சோறு. பிறகு தும்புச்சோறு கூடினால் உரம் காணாதே என்று உரம், உரம் கூடினால் இறுகுமே என்று பேர்லைட், பேர்லைட் போட்டால் காயுமே என்று தண்ணீர். தொட்டி நிரம்பி நிலத்தில் விரித்த ஷீற்றுக்கு வந்துவிட்டது. நாலு சாடிக்கு மண் என்று தொடங்கியது இப்போது பதினொரு சாடிக்குக் காணும். சட்டம் நாலு கன்றென்று சொல்கிறது, மண் எவ்வளவென்று சொல்லவில்லை, ஆனாலும் யாராவது வந்து பார்த்தால் இந்த மனுசன் தோட்டமே செய்யப்போகிறான் என்றுதான் நினைப்பார்கள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? பொலிஸ் வராது. பொலிஸ் வந்தால் சட்டத்தைக் காட்டலாம். குலவீரசிங்கம் வந்தால் எதைக் காட்டுவது? இருபத்திரண்டு வருடம் மா கேட்ட கைக்கு மண் கேட்கவில்லை. மாவுக்கு ஒரு மனம் இருக்கிறது, இழுத்தால் திரும்பி வரும், இந்த மண் வருகிறதுமில்லை போகிறதுமில்லை.

மண்ணாவது கிடக்கட்டும், யார் ஊன்றுவது? அதுதானே உண்மையான சிக்கல், அதை நினைக்கக் கூடாதென்றுதானே தண்ணீரையும் தும்புச்சோற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சபாநடேசனுக்குக் கைராசி இல்லை. இது ஊரறிந்த விஷயம். அவர் வைத்த தக்காளி அழுகியது, அவர் வைத்த மிளகாய் பூத்துக் கருகியது, எவரும் கொல்ல முடியாது என்று கடைக்காரி சொல்லித் தந்த கற்றாழை மூன்று மாதத்தில் செத்தது. லோஜிக்குக் கைராசி. இந்தப் பனிக்குள் கறிவேப்பிலையை மரமாக்கியவள், ஸ்காபரோவில் பாதி வீட்டுக் கறிவேப்பிலை அவள் கையால் கொடுத்த கன்று, வெண்டிக்காய் விதை போடுவதென்றால்கூடப் பெண்கள் காரில் கொண்டுவந்து அவளிடம் கொடுத்து, அக்கா ஒருக்கா நீங்கள் தொட்டுத் தாங்கோ என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் ஊன்றினால்தான் இது முளைக்கும். அவளுக்குச் சொல்லாமல் அவளைக்கொண்டு ஊன்றுவிப்பது எப்படி? ஒரு வகைப் பயிற்றங்கொட்டை என்று சொல்லலாம். அவளுக்கு விதை தெரியாதா? கோயிலுக்கு ஒரு பூச்செடி என்று சொல்லலாம். சீ, அது பாவம். சரி, முளைத்து, வளர்ந்து, காய்ச்சி, எண்ணெயாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், யாழ்ப்பாணத்திலிருந்து பரியாரியார் அனுப்பின எண்ணெய் என்று சொல்லிப் பூசிவிடலாம். முப்பத்தேழு வருடம் ஒன்றாக இருந்தவளை, கோப்பை பிடிக்க முடியாத கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிப் பூசுவதா? பூசி, அவள் சுகம் என்று சொல்லிவிட்டால் அது இன்னும் மோசம், சாகும்வரை அந்தப் பொய்யை அடுப்பில் வைத்துக் காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லிவிட்டால்? துவாரகா ஒரு தடவை சாடையாகக் கதையை எடுத்தபோது, செத்தாலும் அந்தச் சாமான் இந்த வீட்டுக்குள் வராது என்று சொன்னவள். சொன்னால் கையும் போய்விடும். சொல்லாவிட்டால்... ஆறு தசம் ஏழு. தண்ணீராவது ஒழுங்காக இறங்குகிறது. மூன்றாவது தேசிக்காயையும் பிழிந்தார்.

இனி மீன். நல்ல காலம் என்று அவர் இன்றைய நாளைத் தெரிந்தெடுத்ததே, மேலே எல்லாரும் மாலையோடு இருப்பார்கள், கீழே ஒருவரும் இறங்க மாட்டார்கள் என்றுதான். மண்ணுக்கு விட ஒரு கறுத்தப் போத்தல், மீனைப் புளிக்கவைத்துச் செய்த கரைசல், ஒரு வாளிக்கு ஒரு மூடி. சஷ்டி விரத நாளில் முட்டைக்கோது இடித்ததே மனதை உறுத்தியது, கோதுதானே, அது வெறும் சுண்ணாம்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மீனைப் பற்றி அவர் யோசித்த அளவுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை, ஆனால் போத்தல் மூடிதானே, திறந்து ஊற்றி மூடிவிட்டால் முருகனுக்குக்கூடத் தெரியாது. மூடியைத் திருகினார். இறுகியிருந்தது. சாரத்தால் பிடித்துத் திருகினார். அந்த நேரம் பார்த்து மேலே யாரோ கதிரையை இழுக்க, படிப்பக்கம் காலடி கேட்கிற மாதிரி இருக்க, திடுக்கிட்டுத் திருகியதில் மூடி ஒரு பக்கமும் போத்தல் ஒரு பக்கமுமாகப் போயிற்று. நிலம், ஷீற்று, சாரம், இடது கால். மணம் உடனே எழும்பவில்லை, ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழும்பியது, எழும்பியதும் பருத்தித்துறைச் சந்தை முழுவதும் மத்தியான வெயிலோடு பேஸ்மன்டுக்குள் வந்து நின்றது. பரவாயில்லை, கதவு சாத்தியிருக்கிறது, கீழே நடப்பது கீழே கிடக்கும் என்று நினைத்து முடிக்கவில்லை, மூலையில் ஃபேர்னஸ் டிக் என்றது. பிறகு காற்றாடி ஊதத் தொடங்கியது. வீட்டுக்குச் சூடு போகிற பெரிய தகரக் குழாயை அவர் நிமிர்ந்து பார்த்தார். இங்கே இருக்கிற காற்றை இழுத்து, சூடாக்கி, ஒவ்வோர் அறைக்கும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிற மெஷின். இருக்கும் அறை, குசினி, சாமியறை. பன்னிரண்டு வருடம் முந்தி இதைப் பூட்டியவன் ஒரு மூலைகூட விடாமல் போகும் என்று சொல்லித்தான் பூட்டினான். சபாநடேசன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் காற்று இழுக்கிற வாயில் அடைத்தார், சால்வை விசுக்கென்று உள்ளே பாதி போயிற்று, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மீன் வழுக்க, ஒரு காலில் நின்றபடி முருகா என்றார். சொன்ன பிறகுதான் இந்த நிலையில் சொல்லக் கூடாத பெயர் என்று உறைத்தது.

மேலே சத்தம் நின்றது. சிரிப்பு நின்றது, சூரனுடைய சில்லும் நின்றது. விரதம் இருக்கிற ஆறு பேர் ஒன்றாக மூச்சை இழுக்கிறதை அவர் கேட்டார், அல்லது கேட்டதாக நினைத்தார். பிறகு குலவீரசிங்கத்தின் குரல் தணிவாக, அதற்கு லோஜியின் குரல் இன்னும் தணிவாக. தணிவாகக் கதைத்தால்தான் வில்லங்கம். பிறகு படிகள். ஒவ்வொரு படியாக, கைபிடியை முழங்கையால் அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிற அந்த நடை அவருக்குத் தெரியும். என்ன சொல்லலாம்? சாக்கடை உடைந்தது. தெருவில் குழாய் திருத்துகிறார்கள், அதனால் உடைந்தது, ஆம், அது பொருந்தும், முதல் பொய்யோடு பொருந்தி வருகிறது. ஆனால் அவள் கடைசிப் படியில் நின்று, தொட்டியையும், வாளிகளையும், கறுப்புக் கூடாரத்தையும், சால்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பொருந்திய பொய் பொருந்தாமல் போயிற்று. முதலில் அவள் கேட்டது தேசிக்காயைப் பற்றித்தான்.

"இஞ்சேருங்கோ, தட்டத்தில மூண்டு தேசிக்காய் காணேல்லை."

அவர் வாளியின் விளிம்பில் கிடந்த ஆறு பாதித் தோலையும் பார்த்தார். கறிவேப்பிலைக்கு என்றார். தான் கறிவேப்பிலைக்கு மோர்தானே விடுவது என்றாள். ஃபேர்னஸ் ஊதிக்கொண்டிருந்தது.

"குலவீரசிங்கம் அண்ணை மீன் மணம் வந்தவுடன என்னட்டைக் கேட்டார், கீழ எத்தினை கண்டு எண்டு. நாலுக்கு மேல வைக்க விடாயினமாம். அவர் முழங்காலுக்கு ரெண்டு வரியமா அந்த எண்ணெய்தான் பூசுறாராம், மனுசிதான் காய்ச்சிக் குடுக்கிறது. மீன் தண்ணியை வெளியில வச்சுத்தான் கலக்கோணுமாம், சொல்லிவிடச் சொன்னவர்."

இரண்டாவது கையெழுத்து. சபாநடேசனுக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, இரண்டு வருடம் அந்த மனுசன் குஷன் வைத்துக்கொண்டு தன் முன்னால் நடித்ததை நினைக்க ஒரு மரியாதையும் வந்தது. ஆனால் லோஜி சிரிக்கவில்லை. எனக்கோ என்று கேட்டாள். ஓம் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் சால்வையை விட்டார், அது மெல்ல உள்ளே போயிற்று.

"செத்தாலும் வேண்டாமெண்டு சொன்னனீர் எல்லோ. சொன்னாப் பிறகு நீர் கையையே தரமாட்டீர் எண்டு பயந்தனான்."

அவள் கடைசிப் படியை விட்டு இறங்கினாள். பிறகு சேலைத்தலைப்புக்குள்ளிருந்து கையை எடுத்தாள். இன்று முழுவதும் யாருக்கும் காட்டாத கை. தொட்டிக்குக் கிட்ட வந்து, மெல்லக் குனிந்து, மண்ணுக்குள் அதை விட்டாள். குத்திக் கிளறவில்லை, சும்மா வைத்திருந்தாள். சூடாக இருக்கு என்றாள். பிண்ணாக்குப் போட்டதால் இரண்டு கிழமை சூடாகத்தான் இருக்கும், ஆறவிட்டுத்தான் ஊன்ற வேண்டும் என்று அவர் சொன்னார், பதம் மட்டும் பிடிபடுகிறதில்லை, இறுக்கினால் இரண்டு சொட்டு வர வேண்டும் என்றும் சொன்னார். அவள் ஒரு பிடி அள்ளி இறுக்கப் பார்த்தாள். விரல்கள் பாதிவழிக்கு வந்து நின்றன. இன்னொரு தடவை, முகம் சுருங்க, பார்த்தாள். நின்றன. மண் ஓரத்தால் வழிந்து விழுந்தது. அவர் தன் மீன் மணக்கும் கையைச் சாரத்தில் துடைத்து, அது போதாதென்று இன்னொரு முறை துடைத்து, அவளுடைய கையின் மேல் வைத்து மூடினார். நோகுமோ என்று கேட்டார். நோகும், பிடியுங்கோ என்றாள். மாவைப் பிடிப்பதைப் போலத்தான் பிடித்தார், இறுக்கி அல்ல, கேட்டுக்கேட்டு. இரண்டு கைக்கும் நடுவில் மண் அமர்ந்தது. ஒரு சொட்டு வந்தது. அவர் நிறுத்தப் போனார். இன்னும் என்றாள். இரண்டாவது சொட்டு அவளுடைய வளையலில் விழுந்தது.

"காணும்," என்றாள் லோஜி.

பிறகு, கார்த்திகை விளக்கீட்டன்றைக்குத் தானே ஊன்றுவதாகச் சொன்னாள், அவர் கையால் வைத்தால் கற்றாழைக்கு நடந்ததுதான் நடக்குமாம். இப்போது அவர் மேலே ஏறி முழுகிவிட்டுக் கடைக்குப் போய் மூன்று தேசிக்காய் வாங்கிக்கொண்டு வர வேண்டும், ஜன்னல்களையும் திறக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் என்று சொன்னதும் பொய்தானோ என்று கேட்டாள். ஓம் என்றார். ஆறு வீட்டுக்குச் சொன்னேனே என்று அவள் தலையில் கை வைக்கப் போய், கையில் மண்ணைக் கண்டு நிறுத்தினாள். கழுவ இடம் தேடினாள். பக்கத்தில் வாளி இருந்தது, ஒரு நாள் முழுவதும் தூசி விழாமல் காத்து, காற்றுக் கொப்பளிக்கவிட்டு, முருகனுடைய தேசிக்காய் பிழிந்து ஆறரைக்கு இறக்கிய தண்ணீர். மீற்றர் இன்னும் அதற்குள் கிடந்து ஆறு தசம் ஐந்து என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் மீற்றரை எடுத்து வைத்துவிட்டு, செம்பால் அள்ளி, அவளுடைய விரல்களில் ஒவ்வொன்றாக ஊற்றினார். மூட்டு மூட்டாக மண் கரைந்து வாளிக்குள் விழுந்தது. அந்தத் தண்ணீர் இனி ஒரு செடிக்கும் உதவாது. இன்னொரு செம்பு அள்ளினார்.